காற்றாடி வண்டி ஏறிய செபஸ்தியார்

சாந்தன்பாறை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எவனாவது, "எங்க தோட்டத்துல பனிமேல ஓடுற வண்டி இருந்துச்சுய்யா. பின்னால காத்தாடி. சும்மா பறக்கும்" என்று அளக்க ஆரம்பித்தால், அன்னாளுக்கு வெற்றிலை எச்சில் தானாக ஊறும். துப்புவதற்குத்தான். அளக்கிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த வண்டியைக் கண்டு தலைதெறிக்க ஓடியவர்கள். மீதிப் பேர் அந்த நேரத்தில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்கள். செய்தவன் அவள் புருஷன் கபிரியேல். அவன் மட்டும் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. திறந்தால் பக்கத்தில் அன்னாள் இருப்பாளே.

ஒரு வண்டியா செய்தான்? மூன்று வண்டி. மூன்றும் மூன்று விதமான அவமானம்.

அப்போது அவர்கள் தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். கபிரியேல் அங்கே ஃபாக்டரியில் ஃபிட்டர். அன்னாள், கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் ஆயா. மார்கழியும் தையும் அந்தப் பக்கத்தில் விடிகாலையில் பனி உறையும். கொழுந்து கருகிவிடுமே என்று துரைக்குக் கவலை, வேலை குறைந்துவிடுமே என்று லயத்துக்கு, அதாவது கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, கவலை. கபிரியேலுக்கு மட்டும் கொண்டாட்டம். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவில் அகலமாக ஒரு புல்வெளி கிடந்தது. பார்க்கச் சமதரை, அடியில் சதுப்பு. பனி உறைந்தால் உப்பைக் கொட்டியதுபோல வெளுத்து, ஆள் நடந்தால் மொறுமொறுவென்று தாங்கும். வெயில் ஏறிவிட்டால் முழங்கால் வரைக்கும் உள்ளே வாங்கும்.

துரை பங்களாவிலிருந்து வெளியே எறிந்த ஒரு புத்தகத்தில் கபிரியேல் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். எங்கேயோ ஒரு பனி தேசத்தில், நாட்டுப்புறத்துக்காரர்கள் தாங்களே செய்த வண்டி. சக்கரம் கிடையாது, சறுக்குக் கட்டைகள். பின்னால் விமானத்துக்கு இருப்பதுபோலப் பெரிய காற்றாடி. அது காற்றைத் தள்ளும், வண்டி முன்னால் போகும். படத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவன், பைத்தியம் பிடித்தவன்போல ஆகிவிட்டான்.

"அங்க வருசம் பூராவும் பனியாம். ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, கடைக்கு எல்லாம் இதுலதான் போவாவளாம்" என்றான்.

"இங்க பனி ரெண்டு மணி நேரந்தான் கிடக்கும். அதுக்குள்ள நீங்க எங்க போகப் போறீய?" என்று அன்னாள் கேட்டாள்.

அவன் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தான். எங்கேயும் போவதற்கு இல்லாதவனுக்குத்தான் வண்டி ஆசை வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் வண்டிக்கு ஃபாக்டரியில் கழித்துப் போட்ட விசிறியை மாட்டினான். அது நகரவே இல்லை. நின்ற இடத்தில் உதறிக்கொண்டு நின்றது, சளிக்காய்ச்சல் வந்த ஆடு மாதிரி. இரண்டாவது வண்டிக்கு இஞ்சின் பாலக்காட்டிலிருந்து வந்தது. அங்கே பழைய இரும்புக் கடை வைத்திருந்த அப்பாஸ் ராவுத்தர், சண்டைக் காலத்து மோட்டார் சைக்கிள் இஞ்சின் ஒன்றைத் தானே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கோபாலபுரம் செக்போஸ்டில் இது எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். பனியில் வண்டி ஓட்டுவதற்கு என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்த வெயிலில் நின்றுகொண்டு பனி என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கிண்டல் செய்கிறான் என்று அரைநாள் உட்கார வைத்துவிட்டார்கள்.

"ஏனுங்க மேஸ்திரி, இதை வச்சுத் தண்ணி எறைச்சா நாலு ஏக்கரா பாயுமுங்க. காத்தை எறைச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அப்பாஸ் இஞ்சினை இறக்கினார். அந்தக் கதையில் புத்தியோடு பேசிய ஒரே ஆண்பிள்ளை அவர்தான் என்பது அன்னாளின் தீர்மானம்.

சந்தன வேம்புப் பலகையில் ஆள் உயரத்துக்குக் காற்றாடி செதுக்கினான் கபிரியேல். சறுக்குக் கட்டைக்கு அடியில் தேயிலைப் பெட்டிக்குக் கட்டுகிற தகரப் பட்டையை அடித்தான். இந்த வண்டி ஓடத்தான் செய்தது. பொய் சொல்லக் கூடாது. ஒரு விடிகாலையில் புல்வெளியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உறுமிக்கொண்டு போனது. நிறுத்துவதற்கு வழி வைக்க மறந்துவிட்டான். போய்த் தேயிலைச் செடிக்குள் புகுந்து கவிழ்ந்தது. லயமே கைகொட்டிச் சிரித்தது. சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருத்தர்தான், கூலியாட்களை மேய்க்கிற மேல் லயத்துப் பொன்ராஜ் கங்காணி. கங்காணி சிரிக்காமல் இருந்தால் யாருடைய குடியோ கெடப்போகிறது என்று அர்த்தம்.

இனி சப்பரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

தை மாதம் செபஸ்தியார் திருவிழா. அம்பு தைத்த செபஸ்தியாரின் மரச் சொரூபத்தைச் சப்பரத்தில் வைத்து, நாலு கம்பு போட்டு, நாலு பேர் தோளில் சுமந்து கொண்டுபோவார்கள். அந்த நாலு தோளும் என்றைக்கும் மேல் லயத்துத் தோள். கீழ் லயத்துக்காரர்கள் சப்பரம் கட்ட மூங்கில் வெட்டலாம், பாதையைச் செதுக்கலாம், மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு கடைசியில் வரலாம். கம்பைத் தொடக்கூடாது; சாமி கனத்தை அந்தத் தோள் தாங்காதாம். உண்மையான காரணம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஞானஸ்நானம் வாங்கினவர்களுக்குள்ளே சாதி இல்லை என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டதால், அதைச் சாதி என்று சொல்லாமல் லயம் என்று சொன்னார்கள். என்ன ஒரு நாகரிகம்.

அன்னாளின் அப்பா யாக்கோபு நாற்பது வருஷத்துக்கு முன்னால் போடிமெட்டு வழியாக நடந்து மலையேறி வந்தவர். அந்தத் தோளில் அவர் சுமக்காதது இல்லை. ஃபாக்டரிக்கு உருளை இயந்திரம் வந்தபோது சுமந்தார். துரைசாணி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது நாற்காலியோடு சுமந்தார். அவள் வாசிக்கிற பியானோவையும் சுமந்தார். இரண்டு லயத்துப் பிணங்களையும் சுமந்தார். பிணத்துக்கு மட்டும் மேல் லயத்துக்கு இவர் தோள் ஆகும். செபஸ்தியாரை மட்டும் சுமந்ததில்லை. அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. வேறு எதையும் அவர் கேட்டு அன்னாள் பார்த்ததில்லை.

தேவிகுளம் மலை கேரளத்துக்கு என்று முடிவான அந்த வருஷம், கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலின் மலையாளத்துப் பாதிரியார் அச்சன் பூசையில் ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். இந்தத் திருவிழா முதல் நாலு கம்பில் இரண்டு மேல் லயத்துக்கு, இரண்டு கீழ் லயத்துக்கு. பின் கம்பு இடது பக்கம் யாக்கோபு. பெயரைச் சொல்லியே படித்தார். யாக்கோபு எழுந்து நின்றுவிட்டார். அதற்கெல்லாம் எழுந்து நிற்க வேண்டியதில்லை என்று யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் விறகுக் கட்டையை வலது தோளில்தான் தூக்கினார். இடது தோளைச் செபஸ்தியாருக்கு வைத்திருக்கிறாராம். மார்ச்சளி வேறு அவரை வாட்டிக்கொண்டிருந்தது. அடுத்த தைக்கு இருப்பாரோ மாட்டாரோ என்று அன்னாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இந்த வருஷம் விட்டால் இல்லை.

பொன்ராஜ் கங்காணி அச்சனை எதிர்த்துப் பேசவில்லை. மீசைக்கும் ஆசை, கூழுக்கும் ஆசை உள்ள ஆள் அவர்; அச்சனோடும் பகைக்கக் கூடாது, கம்பையும் கொடுக்கக் கூடாது. மறுநாள் கபிரியேலைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தார். சிரட்டையில் கொடுக்காமல் கண்ணாடி கிளாசில் டீ கொடுத்தார். மேஸ்திரி என்று கூப்பிட்டார்.

கபிரியேல் திரும்பி வரும்போது கால் தரையில் பாவவில்லை.

"கங்காணி என்ன சொன்னாரு தெரியுமா? இந்த வருசம் செபஸ்தியாரு என் வண்டியிலதான் போகப் போறாரு. புதுசா ஒண்ணு பெரிசாச் செய்யணும். அச்சன்கிட்டயும் பேசிட்டாரு."

அன்னாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அப்ப சப்பரம்?"

"சப்பரம் எதுக்கு? தோளே வேண்டாம். தோளு இருந்தாத்தான சண்டை. மேல் லயம் கீழ் லயம்னு பேச்சே இருக்காது. எல்லாருக்கும் பொது."

"எங்க எய்யாவுக்குக் கம்பு குடுத்திருக்காவளே."

கபிரியேல் முகத்தில் அப்போதுதான் ஏதோ ஓடியது. ஓடி, நிற்காமல் போய்விட்டது. "மாமாவுக்கென்ன, வயசான காலத்துல எதுக்குச் சுமக்கணும்? வண்டி பக்கத்துல நடந்து வரட்டும்" என்றான்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியை அவன் தலையில் கவிழ்த்திருக்கலாம். களைந்த அரிசி வீணாகுமே என்று விட்டாள்.

"உங்க கையாலேயே உங்க கண்ணைக் குத்த வைக்காரு அந்த மனுசன். அதுவும் ஒரு கிளாசு டீயைக் குடுத்து. நாப்பது வருசத்துக்குப் பிறகு நம்ம ஆளு தோளு குடுக்கிற நேரத்துல தோளே வேண்டாம்ங்காரு. இது ஏன்னு உங்க மண்டையில ஏறலியா?"

"நீ எல்லாத்துலயும் குத்தம் பாப்பே. ஒரு ஃபிட்டரை மதிச்சுக் கூப்பிட்டுக் கேட்டிருக்காவ" என்றான் கபிரியேல். அந்த மதித்து என்ற சொல்லைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. முப்பத்தைந்து வயது வரை ஒருவரும் மதிக்காமல் இருந்தவனுக்கு ஒரு முக்காலி போதும். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அச்சனைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனுஷர்தான், ஆனால் சண்டை இல்லாமல் இருந்தால் அவருக்குப் போதும். நியாயமும் இருந்தால் அதற்கு மேலே ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். "வழக்கு வேண்டா அன்னாளே. சமாதானம் வேணும். அடுத்த வருஷம் நோக்காம்" என்றார், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமாம். அவர் கண்ணும் காற்றாடி வண்டியைப் பார்க்க ஆசைப்பட்டதை அவள் கவனித்தாள். சாமியாராக இருந்தாலும் ஆம்பிளை ஆம்பிளைதான்.

யாக்கோபுவிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் இருமினார். பிறகு, "மிஷினு குடுத்து வச்சது" என்றார். மருமகனிடம் அன்றிலிருந்து பேசுவதை விட்டுவிட்டார்.

மூன்றாவது வண்டி தயாரானது. முன்னால் செபஸ்தியாருக்குப் பீடம், நடுவில் கபிரியேலுக்கு ஒரு பலகை, பின்னால் இஞ்சினும் காற்றாடியும். காற்றாடியைச் சுற்றி ஏலக்காய் உலர்த்துகிற கம்பி வலையில் கூண்டு, கையால் சுற்றிவிடப் பின்பக்கம் மட்டும் திறப்பு. மேல் லயத்துப் பெண்கள் ஜரிகைத் தாள் ஒட்டினார்கள். கபிரியேல் இரண்டு முறை தனியாக ஓட்டிப் பார்த்தான். நின்றது, திரும்பியது, எல்லாம் சரி.

அன்னாள் ஒன்று கேட்டாள். "பவனின்னா சனம் சாமிக்குப் பின்னாலதான வரும்? காத்தாடியும் பின்னாலதான இருக்கு?"

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல" என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் சொல்லிக் கொடுக்க அவளுக்கு என்ன தலையெழுத்து?

திருவிழா அன்று விடிகாலைப் பூசை முடிந்து ஏழு மணிக்கெல்லாம் செபஸ்தியாரைக் கொண்டுவந்து பீடத்தில் நிறுத்திக் கயிற்றால் கட்டினார்கள். கோயில் மேட்டுக்குக் கீழே புல்வெளி வெள்ளைவெளேரென்று கிடந்தது. புல்வெளிக்கு அந்தப் பக்கம் கீழ் லயத்துச் சிலுவை மேடையான குருசடி. அங்கே போய்ச் சுற்றித் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். எட்டரைக்கு மலை இடுக்கில் வெயில் எட்டிப் பார்க்கும். ஒன்றரை மணி நேரம் தாராளமாகக் கையில் இருந்தது.

அந்த ஒன்றரை மணி நேரத்தை என்ன செய்தார்கள் தெரியுமா?

காற்றாடியை யார் முதலில் கையால் சுற்றிவிடுவது என்று சண்டை போட்டார்கள்.

சுற்றிவிட்டால்தான் இஞ்சின் பிடிக்கும். அது ஒரு வேலை. ஆனால் கங்காணி புதுப் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு வந்து, முதல் சுற்று முன் கம்புக்குச் சமானம், ஆகவே தன்னுடைய மரியாதை என்றார். கணக்கப்பிள்ளை ஞானப்பிரகாசம், எங்கள் தாத்தா காலத்திலிருந்து வலது முன் கம்பு எங்களுடையது, கம்பே இல்லை என்றால் சுற்று எங்களுக்குத்தான் என்றார். தோள் இல்லாவிட்டால் சண்டை இல்லை என்று சொன்னவர்கள் இவர்கள். தோளை எடுத்துவிட்டால் கையில் வந்து நிற்கும். கையை வெட்டினால் காலுக்கு வரும். அச்சன் ஒரு பக்கம் கெஞ்சினார். மேளக்காரர்கள் அடித்து அடித்து ஓய்ந்து பீடி குடிக்கப் போய்விட்டார்கள்.

"ஐயா, வெயில் வந்துட்டா தாங்காது. சீக்கிரம்" என்று கபிரியேல் மூன்று தடவை சொன்னான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு ஒருவரும் அவனை மேஸ்திரி என்று கூப்பிடவும் இல்லை.

கடைசியில் அச்சன் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்தே சுற்றட்டும். காற்றாடிக்கு இரண்டு இறக்கை, ஆளுக்கு ஒன்று. கங்காணி இந்த இறக்கையைப் பிடித்தார். கணக்கப்பிள்ளை அந்த இறக்கையைப் பிடித்தார். "சேசுவே" என்று அச்சன் சொன்னதும் இரண்டு பேரும் அவரவர் பக்கத்தைப் பலமாகக் கீழே இழுத்தார்கள். எப்படிச் சுற்றும்? முகம் சிவக்க இழுத்தார்கள். நெற்றி நரம்பு புடைக்க இழுத்தார்கள். காற்றாடி அசையாமல் நின்றது. ஒருத்தர் கீழே இழுத்தால் இன்னொருத்தர் மேலே விட வேண்டும் என்பது அந்த இரண்டு பெரிய மனுஷர்களுக்கும் தெரியவே இல்லை. அன்னாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பிறகு கபிரியேல்தான் அவர்களை நகரச் சொல்லி, ஒரு கையால் சுற்றிவிட்டான். இஞ்சின் பிடித்துக்கொண்டது. அதை யாரும் மரியாதை என்று நினைக்கவில்லை. அவன் செய்ததால் அது வெறும் வேலையாகிவிட்டது.

அப்போதே புல்வெளியின் பாதியில் வெயில் விழுந்திருந்தது.

கபிரியேல் பலகையில் ஏறி உட்கார்ந்தான். சாமிக்குப் பின்னால் முதல் வரிசையில் கங்காணி, கணக்கப்பிள்ளை, குடை பிடிக்கிறவர், பாட்டுக்காரர்கள், ஜரிகை முக்காடு போட்ட மேல் லயத்துப் பெண்கள், எல்லார் கையிலும் எரிகிற மெழுகுவர்த்தி. நூறடி தள்ளி, வழக்கம்போலக் கடைசியில், கீழ் லயம். கபிரியேல் விசையைத் திருகினான்.

வண்டி நகர்வதற்கு முன்னால் காற்று வந்தது. ஒரே வீச்சில் அத்தனை மெழுகுவர்த்தியும் அணைந்தது. முக்காடுகள் பறந்தன. பட்டுக் குடை மேல்பக்கமாக மடங்கி, பிடித்திருந்தவரை இழுத்துக்கொண்டு போனது. பாட்டுப் புத்தகத்தின் தாள் எல்லாம் தேயிலைக் காட்டுக்குப் போயிற்று. கங்காணியின் சால்வை எழும்பி அவர் முகத்திலேயே சுற்றிக்கொள்ள, கண் தெரியாமல் அவர் கணக்கப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். சாணியும் பனித் தண்ணீரும் கலந்த சேறு அத்தனை வெள்ளைச் சட்டையிலும் பூப்போட்டது. சனம் சாமியை விட்டுவிட்டுத் திரும்பி ஓடியது. முதல் வரிசையில் நிற்பதற்கு எத்தனை வருஷமாக அடித்துக்கொண்டார்களோ, அத்தனை வேகத்தில் ஓடினார்கள். நூறடி தள்ளி நின்ற கீழ் லயத்துக்கு ஒரு மெழுகுவர்த்திகூட அணையவில்லை.

கபிரியேலுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் முன்னால் பார்த்துக்கொண்டு போனான். நிழல் இருந்தவரை வண்டி நன்றாகவே போனது. வெயில் விழுந்த இடத்துக்குப் போனதும் முன் சறுக்குக் கட்டை இரண்டும் சதக்கென்று உள்ளே இறங்கின. காற்றாடி மட்டும் விடாமல் தள்ளிக்கொண்டே இருந்ததால் மூக்கு இன்னும் ஆழமாகப் புதைந்தது. இஞ்சின் புகைந்து, இருமி, நின்றது. செபஸ்தியார் பீடத்தோடு முன்பக்கம் சாய்ந்தார்.

கபிரியேல் கீழே குதித்தான். முழங்காலுக்கு மேலே வாங்கியது. சாமியைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கரையைப் பார்த்து, "யாராவது வாங்க" என்று கத்தினான்.

மேல் லயத்தார் புல்வெளிக் கரைக்கு வந்து வரிசையாக நின்றார்கள். ஒருவர் காலையும் உள்ளே வைக்கவில்லை. வேட்டியைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஐயோ சாமி சாயுதே, ஐயோ சாமி சாயுதே" என்றார்கள். கங்காணி சால்வையிலிருந்து வெளியே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கீழ் லயத்தாளுவ எங்கலே? நின்னு வேடிக்கையா பாக்கிய? இறங்கித் தூக்குங்கலே."

கீழ் லயத்து ஆண்கள் எல்லாரும் யாக்கோபுவைப் பார்த்தார்கள். யாக்கோபு கையில் எரிகிற மெழுகுவர்த்தியோடு நின்றார்.

"தோளுக்கு வேலை இல்லேன்னு சொன்னீயள்லா கங்காணியா" என்றார்.

"இப்ப அதையா பேசுத நேரம்? சாமி சேத்துல விழப்போறாரு."

"ரோட்டுல போறதுக்கு எங்க தோளு ஆகாது. சேத்துல எடுக்க மட்டும் ஆகுமோ?"

யாக்கோபு அசையவில்லை. அவர் அசையாததால் ஒருத்தனும் அசையவில்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவர் கண் சாயும் சாமியை விட்டு அகலாததை அன்னாள் பார்த்தாள். மெழுகு உருகி விரலில் விழுகிறது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை. இப்படியே நின்றால் சாமி சேற்றுக்குள் போய்விடுவார். சேற்றில் விழுந்த சாமியை யார் விழ விட்டது என்று நாளைக்குக் கேள்வி வரும். பதிலும் தயாராக இருக்கும்: கீழ் லயம். அதற்கப்புறம் அப்பாவுக்குக் கம்பு எங்கே, கோயில் வாசல் எங்கே?

இந்த ஆம்பிளைகளை நம்பி ஒரு சாமியும் எழுந்து நிற்க முடியாது. அன்னாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"அன்னாள், நீ பொம்பளை, தொடக்கூடாது" என்று கரையிலிருந்து எவனோ சொன்னான். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து வண்டிக்குப் போனாள். கபிரியேல் முகத்தில் கண்ணீரும் சேறும் ஒன்றாக வழிந்துகொண்டிருந்தது.

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன் அன்னாள்."

"அழுறதை வீட்டுல வந்து அழுங்க. இப்பக் கயித்தைப் பிடிங்க" என்றாள். இடுப்பில் செருகியிருந்த பாக்குக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். நாள் முழுக்கப் பிள்ளை தூக்குகிறவளுக்குத் தூக்கச் சொல்லித்தர வேண்டுமா? செபஸ்தியாரை அப்படியே வாரி இடுப்பில் வைத்து, ஒரு கையால் முதுகை அணைத்துக்கொண்டு திரும்பினாள். அச்சன் சிலுவை போட்டுக்கொண்டார்.

கரையேறியதும் பொன்ராஜ் கங்காணி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் பின்னால் மேல் லயத்து ஆட்கள் நாலு பேர், சரியாக நாலு பேர், வந்து நின்றுவிட்டார்கள்.

"கொண்டா இங்க. இனி நாங்க பாத்துக்கிடுதோம்."

"உங்க தகராறு தோளுக்குத்தான கங்காணியா?" என்றாள் அன்னாள். "இடுப்புக்கு யாரும் இதுவரைக்கும் முறை பேசலையே."

கங்காணி நீட்டிய கை நீட்டியபடியே நிற்க, அவரைத் தாண்டிப் போனாள். நேராக யாக்கோபு முன்னால் போய் நின்றாள்.

"வாங்குங்க எய்யா."

யாக்கோபு பின்னால் ஓரடி நகர்ந்தார். "வேண்டாம்மா. கம்பு இல்ல, சப்பரம் இல்ல. இவிய இன்னும் கூப்பிடலையே."

அவளுக்கு அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. கங்காணிமேல் வந்ததைவிட, புருஷன்மேல் வந்ததைவிட, அப்பாமேல் வந்த கோபம் பெரிது. நாற்பது வருஷம் தள்ளி நிறுத்தியதில், தள்ளி நிற்கவே பழகிவிட்டார் மனுஷர்.

"இவியளா கூப்பிடணும்? இவ்வளவு நேரம் இவிய நின்ன லட்சணத்தைப் பாத்தீயள்லா. எனக்குக் கை வலிக்கி. வாங்குதீயளா, கீழ வைக்கட்டுமா?"

யாக்கோபு மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். குனிந்து கொடுத்தார். அன்னாள் செபஸ்தியாரைத் தூக்கி அவர் தோளில் வைத்தாள். அவர் கையால் பிடித்துக்கொண்டு கோயில் மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். பின்னால் கீழ் லயத்து மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டு வந்தன. அணைந்த மெழுகுவர்த்தியோடு மேல் லயம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. தடுக்க வேண்டும் என்று அதில் பாதிப் பேருக்கு நினைப்பு. சாமி ஒரு கிழவன் தோளில், பிடிமானம் இல்லாமல் இருக்கிறார். கை வைத்தால் விழுந்துவிடுவாரே என்று பயம்.

பாதி மேடு ஏறியதும் யாக்கோபு நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது என்று பயந்து அன்னாள் ஓடிப் பக்கத்தில் போனாள். அவர் மூச்சு சீராகத்தான் இருந்தது. தோளை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், எடை பார்க்கிறவர்போல.

"ஏம்மா" என்றார். "இம்புட்டுத்தானா கனம்?"

"ஏன்யா?"

"சாமி கனம் நம்ம தோளு தாங்காதுன்னுல்லா நாப்பது வருசமாச் சொன்னானுவ" என்றார் யாக்கோபு. "நானும் அப்பிடித்தான்னு நெனச்சிட்டிருந்தேன்."